சிமிட்டு ஆணையத்தின் விருந்தாளி

கண்டக்டர் என்றே அவரை எல்லோரும் கூப்பிட்டார்கள். பேருந்து வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயருக்கு ஓய்வு கிடைக்கவில்லை. அக்கா மட்டும் தம்பி என்பாள். வயதில் ரொம்ப மூத்தவள். அம்மா போன பிறகு அவரைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடத்துக்கு விரட்டி ஆளாக்கியவள். குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவாக இருந்து ஊரார் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்தே காலத்தை ஓட்டியவள். தனக்கென்று எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள், ஒருநாள் தொலைக்காட்சியில் பனி விழுவதைப் பார்த்துவிட்டு, "இதக் கையில பிடிச்சா எப்படி இருக்கும் தம்பி?" என்றாள்.

வேறு யாராவது கேட்டிருந்தால் கண்டக்டர் ஃபிரிட்ஜின் மேல்தட்டைத் திறந்து காட்டியிருப்பார். கேட்டது அக்கா ஆயிற்றே. ஓய்வு பெற்றபோது வந்த தொகையில் கை வைத்தார். சுற்றுலாக் கம்பெனியில் தங்குமிடம், சாப்பாடு, விமானம் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கட்டினார். அக்காவும் தம்பியும் பனி விழும் நாட்டில் போய் இறங்கினார்கள்.

அந்த நாட்டில் அப்போதுதான் பணத்தை ஒழித்திருந்தார்கள். பணம் என்றால் நோட்டும் சில்லறையும்தான். விலைவாசியை ஒழிக்கவில்லை. எதை வாங்குவதாக இருந்தாலும், கடையில் ஒட்டியிருக்கும் கட்டம் கட்டமான படத்துக்கு நேரே போனைக் காட்ட வேண்டும். போனில் பச்சை விளக்கு தெரியும். கடைக்காரரின் கருவியில் மணி அடிக்கும். கண் சிமிட்டும் நேரத்தில் பணம் போய்ச் சேர்ந்துவிடும் என்பதால் அந்த ஏற்பாட்டுக்குச் சிமிட்டு என்று பெயர் வைத்து, அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆணையத்தையும் வைத்திருந்தார்கள். வெளிநாட்டுக்காரர்களுக்கு என்று தனியாக விருந்தாளிச் சிமிட்டு. விமான நிலையத்தில் இறங்கிய இடத்திலிருந்து வெளியே வரும் கதவு வரைக்கும் சுவரெல்லாம் அதன் விளம்பரம்தான். அதில் ஒரு வெளிநாட்டுக் குடும்பம் போனைப் பார்த்துக் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தது.

வெளிக்கதவுக்குப் பக்கத்தில் இருந்த கவுன்ட்டரில், கொண்டுவந்த நோட்டுகளை எல்லாம் கொடுத்துவிடச் சொன்னார்கள். கொடுத்தார்.

"பதிவு பண்ணினதும் உங்க கணக்குல வந்து உட்கார்ந்துக்கும் சார்," என்றாள் அங்கிருந்த பெண்.

"ரசீது?"

"காகிதத்தையும் ஒழிச்சாச்சு சார்."

கையில் வாங்கிய காசுக்கெல்லாம் சீட்டுக் கிழித்துக் கொடுத்தே வாழ்ந்த மனிதர் அவர். காசைக் கொடுத்துவிட்டுச் சீட்டில்லாமல் நகர்ந்தது அதுதான் முதல் தடவை. காலே எழும்பவில்லை. பின்னால் வரிசை நெருக்கியது. நகர்ந்தார்.

மறுநாள் காலையில் பனி விழுந்தது. விடுதி வாசலில் நின்று அக்கா இரண்டு கையையும் நீட்டிப் பிடித்தாள். பிடித்ததைப் பார்த்தாள். "ஒண்ணுமே இல்ல தம்பி. பிடிச்சா போயிடுது. இதுக்கா இவ்வளவு செலவு பண்ணினோம்?" என்றாள். சொல்லிவிட்டு மறுபடி பிடித்தாள். உள்ளே வா என்று அவர் கூப்பிடக் கூப்பிட, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நின்றாள். காப்பகத்துப் பிள்ளைகளை இப்படித்தான் அவள் கெஞ்சிக் கெஞ்சி உள்ளே அழைத்திருப்பாள் என்று நினைத்து அவருக்குச் சிரிப்பு வந்தது.

அறைக்குத் திரும்பியதும் அவளுக்கு இழுப்பு ஆரம்பித்தது. பழைய ஆஸ்துமாதான். இன்ஹேலரை எடுத்து வாயில் வைத்து அழுத்தினாள். வெறும் காற்று வந்தது. குலுக்கி மறுபடி அழுத்தினாள். அதுவும் வரவில்லை. பை முழுக்கத் துணி இருந்தது, பட்சணம் இருந்தது, அவருக்குத் தலைவலித் தைலம்கூட இருந்தது. தனக்கு இன்னொரு இன்ஹேலர் எடுத்துவைக்க மட்டும் அக்காவுக்குத் தோன்றவில்லை.

தெருமுனையில் ஒரு மருந்துக்கடை இருந்தது. நடுவயதைத் தாண்டிய ஒரு பெண்மணி தனியாக நடத்திவந்தார். கடைக்குப் பின்னாலேயே அவர் வீடு. கண்டக்டர் காலி டப்பாவைக் காட்டியதும் அதே மருந்தை எடுத்து மேஜையில் வைத்தார். கண்டக்டர் தன் போனைக் கட்டத்துக்கு நேரே நீட்டினார். அவர் ஊரில் அந்தப் போனால் கீரைக்கட்டு முதல் மின்கட்டணம் வரை கட்டலாம். இங்கே அது சும்மா படம் பிடித்தது.

சட்டைக்குள் தைத்த பையில் ஆத்திர அவசரத்துக்கு என்று ஒளித்துவைத்திருந்த நோட்டுகளை எடுத்தார். பெண்மணி பதறிப்போய் வாசலைப் பார்த்தார்.

"உள்ள வைங்க ஐயா. அதப் பார்த்தாலே எனக்கு அபராதம்."

"நீங்களே உங்க போன்லேருந்து போட்டுடுங்கம்மா. நான் எப்படியாவது..."

"விருந்தாளிக்காக வேற ஆள் கட்டினா அது குத்தம். சிமிட்டு இணைப்பையே வெட்டிருவாங்க." குரலைத் தாழ்த்தினார். "பக்கத்துல தையல்கடை இருந்துச்சு. ஒரு வெளியூர்க்காரருக்கு இரக்கப்பட்டுப் போட்டாரு. வெட்டிட்டாங்க. அப்புறம் யாரும் அவருக்குக் காசு தர முடியல, அவரும் யாருக்கும் தர முடியல. ஒரு ரொட்டி வாங்க வழியில்ல. ஆளே இல்லாத மாதிரி ஆயிட்டாரு. இப்ப எங்க இருக்காருன்னே தெரியாது."

மருந்தை அவர் திரும்ப அலமாரியில் வைக்கவில்லை. மேஜை ஓரத்திலேயே ஒதுக்கிவைத்தார். "பக்கத்துத் தெருவுலதான் விருந்தாளிச் சேவை மையம். பதிவு பண்ணிட்டு ஓடி வாங்க. எடுத்து வெச்சிருக்கேன்."

விடுதிக்குத் திரும்பி ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார் கண்டக்டர். எதிர்முனையில் குரல் தேன் மாதிரி இருந்தது.

"நோயாளி மூச்சு விடறாங்களா?"

"விடறாங்க. ரொம்பக் கஷ்டப்பட்டு விடறாங்க."

"அப்ப அவங்க வாடிக்கையாளர். சிமிட்டுல கட்டினதும் வண்டி கிளம்பும். நினைவு தப்பிட்டா இலவசம். அதுக்குக் கேள்வியே கிடையாது."

"நினைவு தப்பற வரைக்கும் நான் பார்த்துக்கிட்டு இருக்கணுமா?"

"தப்பினதும் சொல்லுங்க சார். எங்க சேவை ரொம்ப வேகம்."

அக்காவைத் தனியே விட மனமில்லாமல், கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு சேவை மையத்துக்குக் கூட்டிப்போனார். பக்கத்துத் தெரு என்பது ஆரோக்கியமான நுரையீரலுக்கான கணக்கு. அக்கா நின்று நின்று வந்தாள்.

மையம் கல்யாண மண்டபம் போல இருந்தது. கால் புதையும் கம்பளம், கதகதப்பு, மெத்தை நாற்காலி. எதிர்ச்சுவரை அடைத்து ஒரு புகைப்படம்: கண்டக்டரின் நாட்டு அதிகாரி ஒருவரும் இந்த நாட்டு ஆணையரும் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். கீழே, இரு நாட்டுப் பணமும் இனி ஒன்றே என்று எழுதியிருந்தது. கண்டக்டருக்கு உயிர் வந்தது. மேலாளரின் மேஜைக்குப் போய் அந்தப் படத்தைக் காட்டித் தன் போனையும் காட்டினார்.

மேலாளர் சின்ன வயசுக்காரர். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை, பேச்சிலும் இல்லை. "அந்த ஒப்பந்தம் நடைமுறைல இருக்கு விருந்தாளி அவர்களே. கை குலுக்கற வரைக்கும் முடிஞ்சிருக்கு. மீதி அடுத்த கட்டம்."

"அப்ப புதுசாப் பதிவு பண்ணிக் குடுங்க சார். அக்காவுக்கு மருந்து வாங்கணும்."

"தாராளமா. உங்க நம்பர் சொல்லுங்க."

சொன்னார்.

"இது உங்க நாட்டு நம்பர். எங்க நாட்டு நம்பர் வேணும். எதிர்க்கடையில கிடைக்கும். சிமிட்டுல கட்டினா உடனே குடுத்துருவாங்க."

கண்டக்டர் ஒரு கணம் யோசித்தார். "சிமிட்டுக்கு நம்பர் வேணும்."

"ஆமா."

"நம்பருக்குச் சிமிட்டு வேணும்."

"ஆமா. ரெண்டும் ஒண்ணையொண்ணு காவல் காக்குது. நடுவுல யாரும் நுழைய முடியாது."

"நானும் நுழைய முடியாதே சார்."

மேலாளரின் முகம் பெருமையில் மலர்ந்தது. "இதுவரைக்கும் ஒருத்தர்கூட நுழைஞ்சதில்ல."

அக்காவின் மூச்சுச் சத்தம் அந்தப் பெரிய கூடத்தில் கேட்டுக்கொண்டிருந்தது, யாரோ ஈரமரத்தை அறுப்பது போல. அதைக் கேட்டோ என்னவோ மேலாளர் ஒரு சலுகை காட்டினார். விருந்தாளியிடம் நம்பர் இல்லாவிட்டால் அவர் தங்கியிருக்கும் விடுதியின் நம்பரைத் தரலாம். ரகசிய எண் அங்கே போகும். விடுதிக்காரர் அதைப் படித்துச் சொன்னால் போதும்.

விடுதிக்காரர் போனில் படித்துச் சொன்னார். கண்டக்டர் அதை அழுத்துவதற்குள் காலாவதி ஆகிவிட்டது. மறுபடி வந்தது. மறுபடி காலாவதி.

"கொஞ்சம் கூடுதல் நேரம் குடுக்கக் கூடாதா?"

"கண் சிமிட்டும் நேரம்தான் அதுக்கு ஆயுசு. பேரே சிமிட்டு," என்றார் மேலாளர்.

மூன்றாவது முறை தப்பான எண்ணை அழுத்திவிட்டார். திரை சிவந்தது. மேலாளர் தன் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இப்ப நீங்க சந்தேகத்துக்குரிய நபர்."

"நானா?"

"மனசுல வெச்சுக்காதீங்க. நாங்க யாரையும் தனிப்பட்ட முறையில சந்தேகப்படறதில்ல. எல்லாரையும் ஒரே மாதிரிதான் நம்பாம இருக்கோம். சமத்துவம் எங்க கொள்கை. வேணும்னா உங்க அக்கா பேர்ல பதியலாம். அவங்களுக்கு முதியோர் சலுகை உண்டு. ரகசிய எண் வேண்டாம், முகத்தைக் காட்டினா போதும்."

அக்காவின் முகத்துக்கு நேரே போனைப் பிடித்தார் கண்டக்டர். அசையாமல் இருக்கவும் என்றது போன். அக்கா அசையாமல் இருக்கப் பார்த்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்பட்டை ஏறி இறங்கியது. கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது. அசைவு அதிகம் என்றது போன்.

"அம்மா, கொஞ்ச நேரம் மூச்சு வாங்காம இருங்க," என்றார் மேலாளர். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்.

அக்கா அடக்கினாள். சிறுவயதில் தம்பிக்குத் தலையில் தண்ணீர் ஊற்றும்போது மூக்கில் ஏறாமலிருக்க அவனை மூச்சடக்கச் சொன்னவள், இப்போது அவர் சொல்லாமலேயே வாயை இறுக மூடிக்கொண்டு கண்ணை உருட்டி நின்றாள். முகம் கறுத்தது. போன் யோசித்தது. இன்னும் யோசித்தது. அக்காவுக்கு இருமல் பீறிட்டு வந்தது. தம்பியின் தோளில் சாய்ந்தாள். முயற்சி தோல்வி, விருந்தாளி ஒத்துழைக்கவில்லை என்றது போன்.

பக்கத்து மேஜையில் யாரோ குரலைப் பதிவு செய்துகொண்டிருந்தார்களாம். அக்காவின் இழுப்பு அதில் கலந்து அவர்களையும் சந்தேகத்துக்குரியவர்களாக்கிவிட்டது. மேலாளர் வருத்தம் தெரிவித்து, அக்காவை வாசலுக்கு வெளியே திறந்தவெளிக் காத்திருப்புப் பகுதியில் உட்கார வைக்கச் சொன்னார். அது பனி மூடிய ஒரு பெஞ்சு.

"சார், குளிர்லதான் அவளுக்கு அதிகமாகுது."

"அங்க காற்றோட்டம் ஜாஸ்தி," என்றார் மேலாளர்.

கண்டக்டர் எத்தனையோ குடிகாரர்களையும் சண்டைக்காரர்களையும் பேருந்திலிருந்து கழுத்தைப் பிடித்து இறக்கியவர். இங்கே எந்தக் கழுத்தைப் பிடிப்பது என்று தெரியவில்லை. சத்தம் போட்டால் மேலாளர் கோபித்துக்கொண்டு, இல்லாத அந்தச் சலுகைகளையும் நிறுத்திவிடுவாரோ என்று பயமாக இருந்தது. அக்காவைப் பெஞ்சில் உட்காரவைத்தார்.

"போயிடலாம் தம்பி," என்றாள் அக்கா. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நிறைய இடம் விட்டு.

"மருந்து வாங்கிட்டுப் போயிடலாம்கா."

அவர் உள்ளே திரும்பியபோது கூடமே பரபரத்துக்கொண்டிருந்தது. ஆணையர் வருகிறார். விருந்தாளிச் சிமிட்டின் மகத்தான வெற்றியைக் கொண்டாட ஏற்பாடு. மேடை போட்டு, பூச்சாடி வைத்து, நிருபர்களை உட்காரவைத்திருந்தார்கள். மேடையில் ஒரு விருந்தாளி நிஜமாகவே சிமிட்டி ஒரு பூங்கொத்து வாங்க வேண்டும். வருவதாக இருந்த விருந்தாளி வாடகை வண்டிக்குச் சிமிட்ட முடியாமல் வழியில் மாட்டிக்கொண்டார். மேலாளரின் பார்வை கண்டக்டர் மேல் விழுந்தது.

"விருந்தாளி அவர்களே, உங்களுக்கு நல்ல நேரம்."

"பதிவு பண்ணிக் குடுப்பீங்களா?"

"ஆணையர் மனசு வெச்சா எதுவும் நடக்கும்."

தலையைச் சீவிவிட்டு, பளபளப்பான ஒரு போனைக் கையில் கொடுத்து மேடையில் நிறுத்தினார்கள். ஆணையர் கனத்த சரீரம், கனிந்த குரல். பேசத் தொடங்கினார்.

"ஒரு காலத்துல வெளிநாட்டுக்காரங்க நம்ம நாட்டுக்கு வந்தா நோட்டை எண்ணுவாங்க, சில்லறைக்கு அலைவாங்க, கடைக்காரங்ககிட்ட பேரம் பேசுவாங்க. அந்தத் துன்பம் எல்லாம் ஒழிஞ்சது. இப்ப எந்தக் கடையிலயும் வெளிநாட்டுக்காரங்க கூட்டமே கிடையாது. அவ்வளவு வேகமா வேலை முடிஞ்சிருது. சேவை ஆரம்பிச்ச நாள்லேருந்து ஒரு விருந்தாளிகூட ஏமாந்ததில்ல, ஒரு காசுகூடத் தப்பான இடத்துக்குப் போனதில்ல. போகவே விடல. இதுவரைக்கும் ஒரே ஒரு புகார்கூட வந்ததில்ல. புகார் குடுக்கிற வசதியையும் பதிவு பண்ணின விருந்தாளிங்களுக்கு சிமிட்டுலயே வெச்சிருக்கோம்."

கைதட்டல் எழுந்தது. மேலாளர் கண்டக்டரின் முதுகில் லேசாகத் தட்டினார். பூங்கொத்துக்குப் பக்கத்தில் இருந்த கட்டத்தை நோக்கிப் போனை நீட்டினார் கண்டக்டர். நீட்டுவதற்கு முன்பே, அவர் விரல் படுவதற்கு முன்பே, பச்சை விளக்கு தெரிந்து மணியும் அடித்துவிட்டது.

இந்தக் கை எத்தனை செல்லாத சீட்டுகளைத் தடவிக் கண்டுபிடித்த கை. இந்தப் போனும் செல்லாதது என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

"எப்படி இருக்கு எங்க சேவை?" ஆணையர் ஒலிபெருக்கியை அவர் வாயருகே நீட்டினார்.

"அக்காவுக்கு மூச்சு முட்டுது சார். வெளிய உட்கார்ந்திருக்கா."

ஆணையர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "வேகத்தைப் பார்த்து அவங்க அக்காவுக்கு மூச்சே முட்டிருச்சாம்."

சிரிப்பும் கைதட்டலும் அடங்க வெகுநேரம் ஆனது. அதற்குள் எல்லோரும் புகைப்படத்துக்காக ஆணையரை நெருங்கி நின்றார்கள். பூங்கொத்தை யாரோ வாங்கி அடுத்த விழாவுக்காகத் தண்ணீரில் வைத்தார்கள். போனைத் திரும்ப வாங்க யாருக்கும் நினைவில்லை. கண்டக்டர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மெதுவாக மேடையை விட்டு இறங்கினார்.

பெஞ்சில் அக்கா முன்னால் குனிந்து, முழங்காலைப் பிடித்தபடி இருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கூப்பிட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். பாதித் தூரம் தாங்கிப் பிடித்தும், மீதித் தூரம் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டும் மருந்துக்கடைக்கு வந்தார்.

மருந்து மேஜை ஓரத்திலேயே இருந்தது. பெண்மணி அக்காவைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"பதிவாயிடுச்சா?"

வாழ்நாளில் ஒருமுறைகூடச் சீட்டில்லாமல் பயணம் செய்யாத மனிதர், அந்தப் பளபளப்பான போனைக் கட்டத்துக்கு நேரே நீட்டினார். பச்சை விளக்கு தெரிந்தது. மணி அடித்தது. போனின் மணி மட்டும்.

பெண்மணி தன் கருவியைப் பார்த்தார். அது சத்தமில்லாமல் இருந்தது. கண்டக்டரின் முகத்தைப் பார்த்தார். அவரால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை, குனிந்துகொண்டார். பெண்மணி அக்காவைப் பார்த்தார். அக்காவின் தலை கண்ணாடிக் கதவில் சாய்ந்திருந்தது.

"வந்துடுச்சு," என்றார் பெண்மணி. "எடுத்துக்குங்க."

அட்டையைக் கிழித்து, மூடியைத் திறந்து, குலுக்கி, அவரே அக்காவின் வாயில் வைத்து அழுத்தினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்து முதுகை நீவிவிட்டார். கொஞ்சம் கொஞ்சமாக மரம் அறுக்கும் சத்தம் தணிந்தது. அக்கா நிமிர்ந்து, பெண்மணியின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பேச அவளுக்கு இன்னும் மூச்சு சேரவில்லை.

"நான் எப்படியாவது கட்டிடறேன்மா," என்றார் கண்டக்டர்.

"அதான் வந்துடுச்சுன்னு சொன்னேனே," என்றார் பெண்மணி. அதற்குமேல் அதைப் பற்றிப் பேச விடவில்லை.

விடுதி வாசலுக்குப் போவதற்குள் ஆணையத்தின் வண்டி வந்து நின்றது. பணம் கண் சிமிட்டும் நேரத்தில் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, அவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

விசாரணை அறையில் ஆணையரே உட்கார்ந்திருந்தார். மேலாளர் பக்கத்தில் நின்றார். மேஜையில் அந்தப் போன்.

"இதால மருந்து வாங்கினீங்களா?"

"வாங்கினேன் சார். இது பொய்ப் போன்னு தெரிஞ்சேதான் வாங்கினேன். தப்பு என்னோடதுதான்."

ஆணையர் முகம் சுளித்தார். "பொய்ன்னு சொல்லாதீங்க. அது மாதிரிப் போன். எல்லாம் சரியா நடந்தா எப்படி இருக்கும்னு காட்டறதுக்காகச் செஞ்சது. அதுல தோல்வியே வராது. எங்க சாதனைகளை எல்லாம் அதுலதான் சோதிச்சுப் பார்க்கிறோம்."

"மருந்துக்கு உண்டான காச இப்பவே குடுத்துடறேன். அந்தம்மாவை விட்டுடுங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"அவங்க கருவியில மணி அடிக்கல. அடிக்காத மணியை அடிச்சதா ஒத்துக்கிட்டிருக்காங்க. உங்களை மாதிரி விருந்தாளிங்க வருவீங்க, போவீங்க. எங்க ஆளுங்க எங்களை நம்பாம மனுஷங்களை நம்ப ஆரம்பிச்சா, அப்புறம் நாங்க எதுக்கு?"

இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. உண்மையிலேயே அந்தக் கேள்வி அவரைக் கவலைப்படுத்தியது போல இருந்தது.

கண்டக்டரைக் காவல் விடுதியில் அடைத்தார்கள். அக்காவைக் கைது செய்யவில்லை. வெளியே போகவும் விடவில்லை. துணையாள் என்று ஒரு வகை இருந்தது. விமானம் அவர்களை விட்டுவிட்டுப் போனது. காவல் விடுதியின் மருத்துவர் அக்காவுக்கு மருந்து கொடுத்தார். கைதிக்கும் கைதியின் துணையாளுக்கும் மருத்துவம் இலவசம். கதகதப்பான அறை, வேளைக்குச் சாப்பாடு. "இங்க முன்னாடியே வந்திருக்கலாம் தம்பி," என்றாள் அக்கா. சிரிக்காமல்தான் சொன்னாள்.

காவல் விடுதியில் இருப்பவர் விருந்தாளி அல்ல, குடியிருப்பவர் என்பது அங்கே சட்டம். குடியிருப்பவருக்கு எண் தர வேண்டும். சேர்ந்த அன்றே கண்டக்டருக்கு அந்த நாட்டு நம்பர் கொடுத்தார்கள். நம்பர் வந்ததும் சிமிட்டு வந்தது. யாரும் அவரை மூச்சடக்கச் சொல்லவில்லை, ரகசிய எண் கேட்கவில்லை. விமான நிலையத்தில் கொடுத்த பணம் சொன்னபடியே கணக்கில் வந்து உட்கார்ந்தது. அதிலிருந்து அபராதம் போனது, விசாரணைச் செலவு போனது, மாதிரிப் போனின் தேய்மானம் போனது. எல்லாம் கண் சிமிட்டும் நேரத்தில்.

கடைசியில் வழக்கை முடித்து, புது விமானச் சீட்டுக்கும் அந்தக் கணக்கிலேயே பிடித்துக்கொண்டு, அன்று மாலைக்குள் நாட்டை விட்டுப் போகச் சொல்லி வெளியே விட்டார்கள். விமானம் ஏறும்வரை அவர் குடியிருப்பவர்தான். போனில் சிமிட்டு வேலை செய்தது.

"முதல்ல அந்தம்மா கடைக்குப் போகலாம்," என்றாள் அக்கா.

மருந்துக்கடையின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனார்கள். விளக்கு எரியவில்லை. அலமாரிகள் காலி. மருந்துகளை ஆணையமே எடுத்துப்போய்விட்டதாம். பெண்மணி பின்கட்டிலிருந்து போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்தார். மெலிந்துபோயிருந்தார். அவர் மூச்சு வெள்ளையாகப் புகைந்தது. கணப்புக்கு மின்சாரம் இல்லை.

"நல்லா இருக்கீங்களாம்மா?" என்று அக்காவிடம் கேட்டார். "இழுப்பு நின்னுச்சா?"

அக்காவால் பதில் சொல்ல முடியவில்லை. இந்தத் தடவை மூச்சு காரணமல்ல.

கண்டக்டர் போனை எடுத்தார். சுவரில் கட்டத்தைப் பிய்த்த தடம் மட்டும் இருந்தது. பெண்மணியின் பழைய எண்ணைக் கேட்டு வாங்கி அழுத்தினார். மருந்தின் விலையோடு, கணக்கில் மிச்சமிருந்ததையெல்லாம் சேர்த்து அனுப்பினார். போன் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. அப்படி யாரும் இல்லை என்றது.

மறுபடி அழுத்தினார். அப்படி யாரும் இல்லை.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பெண்மணி எதிரே, கைக்கு எட்டும் தூரத்தில் நின்றிருந்தார். எட்டிப் பார்த்துத் திரையைப் படித்தார்.

"போன் சரியாத்தான் சொல்லுது ஐயா. பால்காரரும் அதையேதான் சொல்றாரு."

"எதிர்க்கடையில ரொட்டி வாங்கிட்டு வரேன்."

"வேண்டாம். உங்க பேர்ல வாங்கி நான் தின்னா உங்களை மறுபடி பிடிப்பாங்க. கடைவாசல்ல கேமரா வெச்சிருக்காங்க. அம்மாவைக் கூட்டிட்டுப் போய்ச் சேருங்க முதல்ல."

கண்டக்டர் கேட்கவில்லை. எதிர்க்கடைக்குப் போய்க் கை கொண்ட மட்டும் ரொட்டி வாங்கினார். பச்சை விளக்கு தெரிந்தது, கடைக்காரரின் கருவியில் கணீரென்று மணி அடித்தது. திரும்பி வருவதற்குள் அக்கா தன் கோட்டைக் கழற்றிப் பெண்மணியின் தோளில் போட்டு, ஒரு பிள்ளைக்குப் போடுவது போலப் பொத்தான்களைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டிருந்தாள். பெண்மணி வேண்டாம் வேண்டாம் என்றார். காப்பகத்துப் பிள்ளைகள் யாரும் அக்காவிடம் அதில் ஜெயித்ததில்லை.

ரொட்டியை மேஜைமேல் வைத்தார் கண்டக்டர். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தார்.

"நான் தெரிஞ்சுதான் குடுத்தேன்," என்றார் பெண்மணி. "மறுபடி யாராவது அப்படி வந்தாலும் குடுப்பேன். மருந்துதான் இல்ல."

வெளியே வந்து விமான நிலையப் பேருந்தில் ஏறினார்கள். அதில் கண்டக்டர் என்று யாரும் இல்லை. கதவோரக் கருவிக்கு நேரே இரண்டு பேருக்குச் சிமிட்டினார். வழிவிட்டது. அக்கா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மறுபடி பனி விழத் தொடங்கியிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்களை வழியனுப்பப் பெண்மணி வாசலுக்கு வந்து நின்றிருந்தார். பெரிய கோட்டுக்குள் சின்ன உருவம். நடைபாதையில் போகிறவர்கள் கம்பத்தைச் சுற்றிப் போவது போல அவரைச் சுற்றிப் போனார்கள். சீருடை போட்ட ஒருவர் தெருவைக் கடந்து நேராக அவரிடம் வந்தார். எதிர்க்கடையைக் கை காட்டினார். பிறகு உள்ளங்கையை அவர் முன்னால் நீட்டினார்.

"என்ன கேக்கறான் தம்பி?"

"போனைக் காட்டச் சொல்றான்."

கண்டக்டர் எழுந்து ஓட்டுநரை நோக்கிப் போனார். ஓட்டுநர் இருக்கை இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடித் தடுப்பு இருந்தது. தட்டினார். அடுத்த நிறுத்தம் விமான நிலையம் என்று கூரையிலிருந்து ஒரு குரல் அன்போடு சொன்னது.

பெண்மணி இரண்டு கையையும் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். பேருந்து முனையில் திரும்பியது.